சோளகத்துக்கு முன் ஒன்பது நாள்: தீவகத்துக் கடலும் திருமலைக் கடலும்

வெளிக்கிட முன்

சோடியாக ஒரு கிழமை ஒதுக்கி "யாழ்ப்பாணத்துத் தீவுகளும் பார்க்க வேண்டும், சுழியோடவும் வேண்டும்" என்று திட்டம் போடுபவர்கள் முதலில் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். தீவுகள் இங்கே இருக்கின்றன. சுழியோடும் கடல் திருகோணமலையில், சுருக்கமாகத் திருமலையில், இருக்கிறது. இரண்டையும் ஒரே இடத்தில் தேடினால் காசும் போகும், நாளும் போகும்.

பாக்கு நீரிணைப் பக்கம் கடல் ஆழமில்லை. தீவுகளைச் சுற்றிப் பல இடங்களில் கழுத்தளவுத் தண்ணீர்தான். அடியில் மெல்லிய சேறும் கடற்புல்லும். காற்றுக் கொஞ்சம் எழும்பினாலே சேறு கலங்கி, நீட்டிய கை தெரியாமல் போய்விடும். அந்தப் புல்லில்தான் நண்டும் இறாலும் கடலட்டையும் வளர்கின்றன, கடற்பசு மேய்கிறது. தொழிலுக்குப் போகிறவனுக்குப் பொன் விளையும் கடல். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்க வருகிறவனுக்குப் பாற்கஞ்சி. திருகோணமலையில் கதை வேறு. கரையை விட்டுக் கொஞ்சத் தூரம் போனதும் அடி சடாரென்று இறங்குகிறது, துறைமுக வாயிலுக்குக் கிட்டவே ஆழ்கடல் பள்ளத்தாக்குத் தொடங்குகிறது. பாறையும் பவளமும் உள்ள இடங்களில் கலங்குவதற்குச் சேறு குறைவு.

நாளைக் காற்றைப் பார்த்துத்தான் குறிக்க வேண்டும். ஐப்பசியில் தொடங்கித் தை கழியும்வரை வாடை, அதாவது வடகீழ்க் காற்று. திருமலைக் கடல் முரடாகவும் கலங்கலாகவும் இருக்கும், சுழியோட்ட நிலையங்கள் அனேகமாகப் பூட்டியிருக்கும். வைகாசிக்குப் பிறகு புரட்டாதி வரை சோளகம், அதாவது தென்மேல் காற்று. அப்போது திருமலை கண்ணாடி, ஆனால் குறிகட்டுவானில் இருந்து நெடுந்தீவுக்குப் போகும் படகு நன்றாக ஆடும். இரண்டு காற்றுக்கும் நடுவில் கிடைக்கும் இடைவெளி சித்திரை மாதம். வெயில் கொல்லும், புழுங்கும். ஆனால் இரு பக்கக் கடலும் ஒரேநேரத்தில் சொல்வழி கேட்பது அப்போதுதான். புதுவருட விடுமுறைச் சனம் கலைந்த அடுத்த கிழமையைப் பிடியுங்கள்.

தீவுகளை முதலில் வையுங்கள், சுழியோடலைப் பிறகு வையுங்கள். தீவுப் படகு ஒருநாள் ஓடாமல் விட்டால் திட்டத்தை நகர்த்தலாம். சுழியோட்ட நிலையத்தில் காசு கட்டிய பிறகு நகர்த்துவது கடினம்.

முதலாம் நாள்: காரைநகர்

யாழ்ப்பாணத்தில் இருந்து வட்டுக்கோட்டைப் பக்கமாகப் போய், பொன்னாலைப் பாலம் தாண்டினால் காரைநகர். பஸ்ஸிலும் போகலாம், ஸ்கூட்டரிலும் போகலாம். கசூரினாக் கடற்கரையில் அரைமணி நடந்தாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாத இடங்கள் உண்டு. நீந்த வருபவர்களுக்கு அது அலுப்பு. சுழியோடப் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது.

இங்கே செய்ய வேண்டிய வேலை, கண்ணையும் மூக்கையும் மூடும் சுழியோட்ட மாஸ்க்கைப் பரிசோதிப்பது. பட்டியைப் போடாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து, மூக்கால் மெல்ல உள்ளே இழுங்கள். கையை எடுத்தாலும் விழாமல் ஒட்டிக்கொண்டு நின்றால் அது உங்கள் முகத்துக்கு அளவு. விழுந்தால், பட்டியை எவ்வளவு இறுக்கினாலும் தண்ணீர் உள்ளே வரும். இறுக்க இறுக்க ரப்பர் மடிந்து இன்னும் கூடத்தான் வரும். மீசை வைத்த ஆண்களுக்கு மூக்குக்கு அடியில் கசிவது வழமை. அந்த இடத்தில் கொஞ்சம் வாசலின் தடவலாம், அல்லது மேலுதட்டோரம் ஒரு கோடு மழித்துவிடலாம். இரண்டாவது வழிக்கு வீட்டில் அனுமதி வாங்குவது உங்கள் பொறுப்பு.

புது மாஸ்க் என்றால் கண்ணாடியின் உட்பக்கத்தில் தொழிற்சாலைப் படலம் ஒன்று இருக்கும். அதைப் போக்காவிட்டால் என்ன செய்தாலும் புகார் படியும். வெள்ளைப் பற்பசையை விரலால் ஐந்து நிமிடம் தேய்த்துக் கழுவுங்கள், இரண்டு மூன்று தரம். பிறகு ஒவ்வொரு முறை தண்ணீரில் இறங்க முன்னும் துப்பல் தடவி, ஒரு அலசு. துப்பலை அருவருப்பவர்கள் குழந்தைச் சம்போவில் ஒரு சொட்டு எடுக்கலாம்.

அடுத்து, தண்ணீர் நிறைந்த மாஸ்க்கை வெறுமையாக்கப் பழகுங்கள். முட்டளவுத் தண்ணீரில் குந்தியிருந்து, மூச்சுக்குழாயால் வாய்மூச்சு விட்டுக்கொண்டு, முகத்தை நனைத்து மாஸ்க்கில் வேண்டுமென்றே தண்ணீர் விடுங்கள். மேல்விளிம்பை நெற்றியோடு அமத்தி, கொஞ்சம் அண்ணாந்து, மூக்கால் நீளமாக ஊதினால் தண்ணீர் கீழ்விளிம்பால் வெளியேறும். முதல்முறை சுழியோடுபவர்கள் பதறும் காரணங்களில் முன்னுக்கு நிற்பது இதுதான்: மூக்கில் தண்ணீர் பட்டதும் வாயால் மூச்சு எடுப்பதை மறந்துவிடுவார்கள். இருபது தரம் இங்கே செய்தால் அங்கே கை தானாகப் போகும்.

நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காதீர்கள், மணலோடு இழுத்து நடவுங்கள். மணலுக்குள் திருக்கை படுத்திருக்கும். கால் உரசினால் அது விலகிப் போகும், மிதித்தால் வாலால் குத்தும். குத்திவிட்டால், தாங்கக்கூடிய அளவு சூடான தண்ணீரில் காலை அரைமணி முதல் ஒன்றரை மணி வரை வைத்திருங்கள். அந்த நஞ்சு சூட்டில் கெட்டுவிடும், நோ குறையும். முள் உள்ளே முறிந்திருந்தால் ஆஸ்பத்திரி.

பத்து மணிக்குப் பிறகு கடற்கரையில் வேலை இல்லை. கோவளம் வெளிச்சவீட்டைப் பார்த்துவிட்டு நிழலுக்குப் போய்விடுங்கள்.

இரண்டாம் நாள்: கடற்கோட்டை, பாதை, ஊர்காவற்றுறை

காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் நடுவே கடலில் நிற்பது கடற்கோட்டை. போர்த்துக்கேயர் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் பிடித்தது. ஒல்லாந்தர் இலங்கையின் வடிவத்தைப் பன்றித் தொடையாகக் கண்டு, இந்த இடத்தை அதன் குதிகால் என்று 'ஹம்மன்ஹீல்' ஆக்கினார்கள். பெயர் வைப்பதில் அவர்களுக்குச் சாப்பாட்டு ஞாபகம் போலும். 1971 கிளர்ச்சிக்காலத்தில் ஜே.வி.பி. தலைவர் ரோகண விஜேவீர இங்கே அடைக்கப்பட்டிருந்தார். இப்போது கடற்படை இதை விடுதியாக நடத்துகிறது. போவதென்றால் முன்கூட்டியே கதைத்து, காரைநகர்ப் பக்கத்தில் இருந்து அவர்களின் படகில்தான் போக வேண்டும். உள்ளே பார்க்க ஒரு மணி போதும்.

ஊர்காவற்றுறைக்குக் கடக்க 'பாதை' இருக்கிறது. புதிதாக வருபவர்கள் தெருவென்று நினைத்துத் தேடுவார்கள். ஆட்களையும் சைக்கிளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிப்போகும் மிதவைக்குத்தான் அந்தப் பெயர். சில நிமிடப் பயணம். அது பழுதாகி நின்றால் திரும்ப யாழ்ப்பாணம் போய்ச் சுற்றித்தான் வர வேண்டும், நாற்பது கிலோமீற்றருக்கு மேல். ஆகவே காரைநகர் எல்லைக்குள் வந்ததும் முதல் தேத்தண்ணிக் கடையில் "இண்டைக்குப் பாதை ஓடுதோ?" என்று கேளுங்கள்.

அனலைதீவுக்கும் எழுவைதீவுக்கும் படகு இந்த ஊர்காவற்றுறையில் இருந்துதான். அமைதி மட்டும் வேண்டுமென்றால் எழுவைதீவு. பார்க்க ஏதாவது வேண்டுமென்றால் இரண்டையும் விட்டுவிட்டு நாளைக்குத் தயாராகுங்கள்.

மூன்றாம் நாள்: நயினாதீவு

பண்ணைப் பாலத்தால் வேலணை, அங்கிருந்து அடுத்த தாம்போதியால் புங்குடுதீவு, அதன் முடிவில் குறிகட்டுவான் இறங்குதுறை. 'குறிகட்டுவான்' என்று பலகை போட்ட பஸ் யாழ்ப்பாணத்தில் எடுக்கலாம். ஒன்றரை மணி வைத்துக்கொள்ளுங்கள். புங்குடுதீவால் போகும்போது பூட்டிக்கிடக்கும் பெரிய கல்வீடுகள் வரிசையாகத் தெரியும். சொந்தக்காரர் கனடாவிலும் சுவிஸிலும் இருப்பார்கள், வீட்டில் வேம்பு குடியிருக்கும்.

நயினாதீவுப் படகு கால்மணி, இருபது நிமிடத்தில் போய்விடும். ஆள் நிறைய நிறையப் புறப்படும். உள்ளே இறங்கினால் டீசல் மணமும் வெக்கையும். சத்தி வருபவர்கள் கடைசியாக ஏறி வாசலோரம் இருங்கள், கண்ணைத் தொடுவானில் வையுங்கள், கைபேசியைப் பார்க்காதீர்கள். பாதுகாப்பு அங்கியைத் தந்தால் மடியில் வைத்திருக்காமல் போட்டுக்கொள்ளுங்கள்.

நாகபூசணி அம்மன் கோயில் இறங்குதுறைக்கு நேரே. ஆண்கள் மேற்சட்டை கழற்ற வேண்டும். உச்சிவெயிலில் வீதி மணல் தணலாக இருக்கும், ஆகவே காலையிலேயே போய்விடுங்கள். மத்தியானம் அமுதசுரபி மண்டபத்தில் அன்னதானம் உண்டு. இலையில் போட்டதை மிச்சம் விடாமல் சாப்பிட்டால் போதும், வேறு நிபந்தனை இல்லை. ஆனி மாதத் திருவிழாக் காலத்தில் படகுக்கு நிற்கும் வரிசையே ஒரு நாளைத் தின்றுவிடும். கொஞ்சத் தூரம் நடந்தால் நாகவிகாரை. பௌத்தர்களுக்கு இது புத்தர் இரண்டாம் முறை வந்த இடம் என்பதால் தெற்கில் இருந்து பஸ் பஸ்ஸாகச் சனம் வரும், விசேடமாகப் போயா எனும் பௌர்ணமி நாட்களில்.

கோயிலில் பலர் கவனிக்காமல் கடந்துபோகும் ஒன்று இருக்கிறது: 12ஆம் நூற்றாண்டில் பொலன்னறுவையில் இருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு. வெளிநாட்டு வணிகர் ஊராத்துறையில், அதாவது ஊர்காவற்றுறையில், வந்து இறங்க வேண்டும் என்கிறது. கப்பல் உடைந்தால் கணக்கும் சொல்கிறது: யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் என்றால் காற்பங்கு அரசனின் பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு; சரக்குக் கப்பல் என்றால் சரிபாதி. உயிருள்ள யானைக்கும் குதிரைக்கும் சலுகை கொடுத்தால்தான் அடுத்தமுறையும் அவற்றை ஏற்றிக்கொண்டு வருவான் என்று அரசன் கணக்குப் பார்த்திருக்க வேண்டும். இந்த ஆழமில்லாக் கடலில் கப்பல் உடைவது சட்டம் எழுதும் அளவுக்கு வழமையாக இருந்திருக்கிறது என்பதையும் அந்தக் கல்லில் படிக்கலாம்.

நான்காம், ஐந்தாம் நாள்: நெடுந்தீவு

ஒரேநாளில் போய் வரலாம். நாங்கள் அதைச் சிபாரிசு செய்ய மாட்டோம். காலைப் படகில் போய்ப் பிற்பகல் படகில் திரும்பினால் உச்சிவெயிலில் மட்டும்தான் தீவைப் பார்ப்பீர்கள், அதுவும் ஓட்டோச் சாரதி ஓட ஓட.

படகு குறிகட்டுவானில் இருந்துதான், ஏறக்குறைய ஒரு மணி. நேரம் காற்றுக்கும் விடுமுறைக்கும் ஏற்ப மாறும். முதல்நாள் நயினாதீவுக்குப் போகும்போதே இறங்குதுறையில் கேட்டு வையுங்கள். அரைமணி முன்னதாகப் போங்கள். இது சுற்றுலாப் படகல்ல: அரிசி மூட்டை, கோழித்தீன், ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பும் வயோதிபர், எல்லோரும் இதில்தான். அவர்கள் இருந்த பிறகு நீங்கள் இருங்கள். பெரிய சூட்கேஸ் வேண்டாம், முதுகுப் பை போதும்.

மாவிலித்துறையில் இறங்கியதும் குமுதினிப் படகில் 1985 மே 15இல் கொல்லப்பட்டவர்களின் நினைவுத்தூபி. அதன் முன்னால் நின்று செல்பி எடுக்க வேண்டாம்.

கொண்டுபோக வேண்டியவை: ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர், காசுத்தாளாகப் பணம், தொப்பி, நீளக்கைச் சட்டை, கைவிளக்கு, சார்ஜ் ஏற்றிய பவர்பாங்க். தீவு முழுக்கச் சுண்ணக்கல். மண் மெல்லிய போர்வை. மழைத்தண்ணீர் கல்லுக்குள் இறங்கி, உப்புத்தண்ணீருக்கு மேல் வில்லை போல மிதந்து நிற்கும். கிணற்றில் அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியில் உள்ள உவர் மேலே ஏறும். சாராப்பிட்டியில் மட்டும் நல்ல தண்ணீர்க் கிணறுகள் உண்டு. எனவே தங்குமிடத்தில் வாளித் தண்ணீரை அளந்து குளியுங்கள், சித்திரையில் அது ஊராரின் தண்ணீர்.

சுற்றிப் பார்க்க இறங்குதுறையிலேயே ஓட்டோவோ பிக்கப்போ பேசலாம். ஏறுமுன் இடங்களையும் நேரத்தையும் சொல்லி முழுத்தொகையாகப் பேசுங்கள். தங்குபவர்கள் முதல்நாள் பின்னேரமும் மறுநாள் விடியவும் சைக்கிளில் சுற்றலாம். தீவு ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர், மேடு பள்ளம் இல்லை. ஆனால் தெற்குப் பக்கக் கல்பாதையில் ரியூப் வெடிக்கும், பம்பும் ஒட்டுச் சாமானும் கேட்டு வாங்குங்கள்.

கல்வேலிகள்தான் நெடுந்தீவின் முகம். பவளக் கற்களைச் சாந்து இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியவை. மற்ற ஊர்களில் கிடுகும் பனையோலையும் கதியாலும் செய்கிற வேலையை இங்கே கல் செய்கிறது, ஏனென்றால் வளவைத் துப்புரவாக்கக் கிளறினாலே கல்தான் வருகிறது. வேலிமேல் ஏறி நின்று படம் எடுக்காதீர்கள்; ஒரு கல் நழுவினால் ஒரு பாகம் சரியும், அடுக்கத் தெரிந்தவர்கள் குறைந்து வருகிறார்கள். பவளக் கல்லை ஞாபகத்துக்கு எடுத்துப்போகவும் கூடாது.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் பவளக் கல்லால் கட்டிய கோட்டையின் மிச்சம் நிற்கிறது. அடுக்கடுக்காக மாடம் வைத்த பழைய புறாக்கூடு ஒன்றும் உண்டு. பெருக்க மரம் ஆபிரிக்காவுக்குச் சொந்தமானது. அடிமரம் கோறையாகி உள்ளே ஆட்கள் நிற்கக்கூடிய அளவு. இவை மூன்றும் ஒரு மணி நேர வேலை.

குதிரைகளுக்கு விடிய ஐந்தரைக்குக் கிளம்புங்கள். தெற்குப் பக்கப் புல்வெளியில் கூட்டமாக நிற்கும். போர்த்துக்கேயர் காலத்தில் கொண்டுவரப்பட்டவற்றின் வழி என்று சொல்வார்கள். உயரம் குறைவு, ஆட்களுக்குப் பழக்கம் இல்லை. ஐம்பது மீற்றருக்குள் போனால் கலையும். காற்று உங்கள் முகத்தில் அடிக்கும் பக்கமாக நின்றால் கொஞ்சம் கிட்டப் போகலாம். கோடையில் குட்டைகள் வற்றிவிடும், தண்ணீர் மிஞ்சிய குட்டையைத் தேடிப்போனால் அவை அங்கே நிற்கும். துரத்திப் படம் எடுப்பது அநியாயம். தண்ணீர் இல்லாக் காலத்தில் அவை ஓடிச் செலவழிக்கும் வியர்வை திரும்பி வராது.

சாப்பாட்டுக்கு முதல்நாளே தங்குமிடத்தில் சொல்லி வையுங்கள். அன்று விடியக் கரைக்கு வந்த நண்டோ கணவாயோ சமைப்பார்கள். பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியல் கூழ் கேட்பதென்றால் இரவுக்குக் கேளுங்கள், மத்தியான வெயிலில் அது உங்களைப் படுக்கப் போட்டுவிடும்.

ஆறாம் நாள்: வீதி

யாழ்ப்பாணத்தில் இருந்து ஏ9 வீதியால் வவுனியா, அங்கிருந்து ஹொரவப்பொத்தானை, பிறகு ஏ12 வீதியால் திருகோணமலை. ஐந்து ஆறு மணித்தியாலம். பார்க்க அதிகமில்லை. திருமலைக்குக் கிட்ட வரும்போது கன்னியா வெந்நீர் ஊற்றுக்கு இன்றே போய்விடுங்கள்: ஏழு சின்னக் கிணறுகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு, வாளியால் அள்ளி ஊற்றிக் குளிக்க வேண்டியது. சுழியோடிய கையோடு சுடுதண்ணீர்க் குளியல் நல்லதல்ல என்பதால் பின்னுக்குத் தள்ள வேண்டாம். தங்குவது நிலாவெளியில் அல்லது உப்புவெளியில்.

ஏழாம் நாள்: நிலாவெளி, முதல் சுழியோடல்

நிலையத்தைத் தெரிவுசெய்ய விலையைக் கேட்காதீர்கள், நாலு கேள்வி கேளுங்கள். ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர்? முதல்முறை என்றால் இரண்டுக்கு மேல் வேண்டாம். படகில் அவசர ஒக்சிசன் இருக்கிறதா? காட்டச் சொல்லுங்கள். சுழியோடியவருக்கு அமுக்க நோய் வந்தால் வைத்தியம் செய்யும் அமுக்கச் சிகிச்சை அறை கிட்ட எங்கே? உடல்நலப் படிவம் தருகிறார்களா? கடைசிக் கேள்விதான் முக்கியம். ஆஸ்துமா, இருதய வருத்தம், வலிப்பு, காது சத்திரசிகிச்சை, கர்ப்பம் இவற்றைக் கேட்காமல் "வாங்கோ இறங்குவம்" என்று சொல்பவரிடம் இருந்து நேரே தேத்தண்ணிக் கடைக்குப் போய்விடுங்கள். படிவத்தில் பொய் எழுதுவதும் அதே அளவு முட்டாள்தனம். முதல்நாள் இரவு மதுவும் வேண்டாம்.

தடிமன் இருந்தால் இறங்கவே கூடாது. மூக்கடைப்புக் குளிசை போட்டுக்கொண்டு இறங்கும் பழக்கம் மோசமானது: கீழே இருக்கும்போது குளிசையின் வேகம் குறைந்தால், மேலே வரும்போது காதுக்குள் விரியும் காற்றுக்கு வழி இருக்காது.

சிலிண்டருக்குள் இருப்பது ஒக்சிசன் அல்ல, வடிகட்டி அமுக்கிய சாதாரணக் காற்று. வழமையான அலுமினியச் சிலிண்டர் 11 லீற்றர், 200 பார் அமுக்கம். அதில் 50 பாரைக் கைவைக்காமல் மிச்சம் வைத்து மேலே வர வேண்டும். மீதி 150 பார் என்றால் 1,650 லீற்றர் காற்று. அமைதியாக மூச்சு விடும் ஒருவருக்குத் தரையில் நிமிடத்துக்கு 20 லீற்றர் செல்லும். 10 மீற்றர் ஆழத்தில் அமுக்கம் இரண்டு மடங்கு என்பதால் 40 லீற்றர். கணக்குப் போட்டால் நாற்பது நிமிடம். பதறுபவருக்கு 60 லீற்றர் போகும், இருபத்தேழு நிமிடத்தில் முடிந்துவிடும். சோடியில் யாருடைய காற்று முதலில் குறைகிறதோ, அப்போது இருவரும் மேலே வர வேண்டும். அதில் ரோசம் பார்க்கக் கூடாது.

சாமானைப் பூட்டும்போது நீங்களும் பாருங்கள். சிலிண்டர் வாயில் சின்ன ரப்பர் வளையம் இருக்கும். அது வெடித்திருந்தால் வால்வைத் திறந்ததும் 'ஸ்ஸ்' என்று சீறும், வளையத்தை மாற்றினால் சரி. வால்வை முழுதாகத் திறந்த பிறகு, அமுக்கமானியைப் பார்த்தபடி நாலு மூச்சு எடுங்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் முள் விழுந்து எழும்பினால் வால்வு சரியாகத் திறக்கவில்லை. கரையில் அது மூச்சுத் தரும், ஆழத்தில் திணறும். மாற்று மூச்சுக்குழலிலும் இரண்டு மூச்சு எடுத்துப் பாருங்கள், மிதப்பைக் கூட்டிக் குறைக்கும் ஜக்கெற்றுக்குள் காற்று அடித்து அது நிற்கிறதா என்றும் பாருங்கள்.

அமிழ்வதற்காகக் கட்டும் ஈயக்கட்டி கூடிப்போவது எங்கும் நடக்கும் பிழை. புதியவர் எப்படியாவது அமிழட்டும் என்று கூடப் போடுவார்கள். கனம் கூடினால் அதைத் தூக்க ஜக்கெற்றுக்குள் கூடக் காற்று விட வேண்டும், அந்தக் காற்று ஆழத்துக்கு ஆழம் சுருங்கி விரிந்து உங்களை ஊஞ்சல் ஆட்டும். சரியான அளவுக்குச் சோதனை: ஜக்கெற் வெறுமையாக, மூச்சைச் சாதாரணமாக எடுத்து நிறுத்தி நிமிர்ந்து மிதந்தால் தண்ணீர் கண்மட்டத்தில் நிற்க வேண்டும், மூச்சை விட்டதும் மெல்ல அமிழ வேண்டும். அலுமினியச் சிலிண்டர் வெறுமையாகும்போது ஏறக்குறைய இரண்டு கிலோ இலேசாகி மேலே இழுக்கும், அதற்கு மட்டும் கொஞ்சம் கூட்டிப் போடலாம்.

இனி எங்கள் ஊர் ஆட்களுக்கென்று ஒரு எச்சரிக்கை. சங்கு குளிப்பவர்கள் மூச்சடக்கித்தானே போகிறார்கள் என்று நினைத்து, சிலிண்டர் கட்டிக்கொண்டும் மூச்சை அடக்கிவிடாதீர்கள். சங்குகுளிப்பவர் தரையில் எடுத்த ஒரு மூச்சோடு போகிறார். அவருடைய நெஞ்சுக்காற்று கீழே சுருங்கி, மேலே வரும்போது பழைய அளவுக்குத் திரும்புகிறது, அதற்கு மேல் விரியாது. நீங்களோ 10 மீற்றரில் அமுக்கிய காற்றை நெஞ்சு நிறைய எடுக்கிறீர்கள். அதை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் இரண்டு மடங்காக விரியும், நுரையீரல் கிழியும். மேலே வரும் கடைசிப் பத்து மீற்றர்தான் ஆகவும் ஆபத்தானது. சிலிண்டரோடு போகும்போது ஒரேயொரு விதி: மூச்சு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

இறங்குவது கயிற்றைப் பிடித்து, கால் கீழே தலை மேலே. மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிக் காதைத் திறப்பதைத் தண்ணீர்மட்டத்திலேயே தொடங்குங்கள், முதல் ஐந்து மீற்றருக்கு அரை மீற்றருக்கொரு தரம். நோ வந்த பிறகு ஊதினால் பிந்திவிட்டது. ஒரு மீற்றர் மேலே வந்து திரும்ப முயலுங்கள். பலமாக ஊத வேண்டாம், செவிப்பறை போகும்.

கையடையாளங்களில் ஒன்றை மட்டும் முன்கூட்டியே மனதில் பதியுங்கள்: பெருவிரலைத் தூக்கினால் 'நல்லது' என்று அர்த்தமில்லை, 'மேலே போவோம்' என்று அர்த்தம். நல்லது என்பதற்குப் பெருவிரலும் சுட்டுவிரலும் வளையம். தலையாட்டல் செல்லாது. நாங்கள் தலையாட்டினால் ஆமா இல்லையா என்று தரையிலேயே பாதிப்பேருக்கு விளங்குவதில்லை.

முதல் இறக்கத்துக்கு ஐந்தாறு மீற்றர் போதும். சான்றிதழ் இல்லாத புதியவர்கள் பயிற்றுநரோடு செய்யும் அனுபவச் சுழியோடலின் எல்லையே 12 மீற்றர். கீழே பொருட்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் கிட்டவும் தெரியும், சிவப்பு நிறம் செத்துப்போகும். மேலே வந்து 'இவ்வளவு பெரிய களவாய் மீன்' என்று கை விரிப்பவரிடம் கழிவு கேளுங்கள். மேலே வரும்போது நிமிடத்துக்கு 9 மீற்றருக்கு மேல் வேகம் வேண்டாம். உங்கள் சின்னக் குமிழிகளை முந்தாதீர்கள். 5 மீற்றரில் மூன்று நிமிடம் நின்று வாருங்கள்.

எட்டாம் நாள்: புறாத்தீவு

நிலாவெளிக் கரையில் இருந்து ஒரு கிலோமீற்றர் அளவில். 1963இல் சரணாலயம், 2003இல் தேசியப் பூங்கா. நுழைவுச்சீட்டு வனசீவராசிகள் திணைக்களத்தினுடையது, படகுக் கூலி வேறு. தேசிய அடையாள அட்டையை மறக்காதீர்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு என்றால் தமிழ் எவ்வளவு நன்றாகக் கதைத்தாலும் வெளிநாட்டார் கட்டணம்தான். சனி, ஞாயிறு, போயா நாட்களைத் தவிர்த்து முதல் படகில் போங்கள். பத்து மணிக்குப் பிறகு கலக்கலும் கூட்டமும்.

ஆழமில்லாத இடத்தில் பார்ப்பதற்குச் சிலிண்டர் வேண்டாம், மாஸ்க்கும் குழாயும் போதும். கிளிமீன் பவளத்தைக் கடிக்கும் சத்தம் கேட்கும். கருமுனைச் சுறாக்கள் முட்டளவு, இடுப்பளவுத் தண்ணீரிலேயே சுற்றும். கைகாலை அடிக்காமல் அசையாமல் மிதந்தால் தாமாகக் கிட்ட வரும், துரத்தினால் மறைந்துவிடும். பயப்பட வேண்டியது சுறாவுக்கு அல்ல, கூடு காக்கும் பெரிய கிளாத்தி மீனுக்கு. அதன் எல்லை கூட்டில் இருந்து மேல்நோக்கிக் கூம்பு போல விரியும். துரத்தினால் மேலே போகாமல் பக்கவாட்டில் விலகுங்கள். பாம்பு போன்ற அஞ்சாலை மீன் ஒளிந்திருக்கும் பொந்துகளுக்குள் கை வைக்காதீர்கள்.

பவளத்தின் மேல் நிற்பவர்கள்தான் இந்த இடத்தின் பெரிய நோய். பவளம் வருடத்தில் சென்ரிமீற்றர் கணக்கில்தான் வளர்வது. ஒரு மிதியில் பல வருடம் போய்விடும். களைத்தால் மல்லாந்து மிதங்கள். வெயிற்பூச்சைக் குறைத்து நீளக்கை நீச்சற்சட்டை போடுங்கள், முதுகும் தப்பும். வெள்ளையாகத் தெரியும் பவளம் அழகென்று நினைக்க வேண்டாம். தண்ணீர் சூடேறி, உள்ளே குடியிருந்த பாசியை அது துரத்தியிருக்கிறது. சூடு தணியாவிட்டால் செத்துவிடும். சித்திரை வைகாசியில் இது நடக்கக்கூடிய காலம்.

ஒன்பதாம் நாள்: கோணேசர் மலையடி

இது சான்றிதழ் எடுத்தவர்களுக்கு மட்டும். கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலையின் அடியில் நீரோட்டம் திடீரென்று மாறும். 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் தூண்களும் செதுக்கிய கற்களும் பாறைகளுக்கு நடுவே கிடக்கின்றன. 1956இல் மைக் வில்சனும் எழுத்தாளர் ஆதர் சி. கிளாக்கும் இங்கே சுழியோடியபோது அவை கண்ணில் பட்டன. செதுக்கிய கல்லை இயற்கைப் பாறையில் இருந்து பிரித்தறிய, நேர்கோட்டைத் தேடுங்கள். கடல் நேர்கோடு போடுவதில்லை. தொடாதீர்கள். சோடியில் மற்றவர் சுழியோடாதவர் என்றால் அவர் காலைப் பூசைக்கு மேலே போகட்டும்.

இறக்கத்தைக் காலை பதினொரு மணிக்குள் முடியுங்கள். சாமானை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவிடுங்கள். காதுக்குள் பஞ்சுக்குச்சி விட வேண்டாம், தலையைச் சாய்த்துத் தண்ணீரை வடியவிட்டால் போதும். ஆழத்தில் உடம்பில் கரைந்த நைதரசன், உயரத்தில் குமிழியாகாமல் வெளியேற நேரம் வேண்டும்; ஆகவே பல நாள் சுழியோடியவர்கள் விமானம் ஏற 18 மணித்தியாலமாவது கழிய வேண்டும். பதினொன்றுக்கு முடித்தால் மறுநாள் காலை ஐந்துக்குப் பிறகு. பலாலியில் இருந்து சென்னைக்குப் பறப்பவர்கள் இதைக் கணக்குப் பார்த்துத்தான் ரிக்கற் போட வேண்டும். திருமலையில் இருந்து அப்படியே 1,868 மீற்றர் உயர நுவரெலியாவுக்குப் போகலாம் என்று நினைப்பவர்களுக்கும் இதே கணக்கு. யாழ்ப்பாணம் திரும்பும் வீதியில் உயரம் ஒன்றும் இல்லை, பின்னேர பஸ்ஸிலேயே ஏறலாம்.

தோள்மூட்டு நோ, தோல் தடிப்பு, விறைப்பு, வழமைக்கு மாறான களைப்பு, இவை அமுக்க நோயின் அடையாளமாக இருக்கலாம்; இவற்றில் ஏதாவது அன்று இரவுக்குள் வந்தால் 'சிலிண்டர் தூக்கின நோ' என்று எண்ணெய் பூசிப் படுக்க வேண்டாம். நிலையத்துக்கு உடனே தொலைபேசி எடுங்கள், ஆஸ்பத்திரியில் போய் முதல் வசனமாகச் "சுழியோடினோம்" என்று சொல்லுங்கள், எத்தனை மீற்றர், எத்தனை நிமிடம், எத்தனை மணிக்கு என்று. அதற்காகத்தான் ஒவ்வொரு இறக்கத்தையும் கையோடு ஒரு கொப்பியில் எழுதி வைக்கச் சொல்கிறோம்.